கழுத்துப் பலகை

இல்லம்மா, நீங்க அந்த ஓரத்துலயே உக்காந்துக்கங்க. நான் நடுவுல இருந்துக்கறேன். ஜன்னல் பக்கம் என் மக மோனிஷா. அவ அங்கயே இருக்கட்டும். மூணு பேர் சீட்டுல நடுவுல உக்கார யாருக்கும் பிடிக்காது, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. இதைவிட இடுக்குல உக்காந்து பழகினவ நான்.

எங்க இறங்கணும் நீங்க? வத்தலக்குண்டா? நல்லதாப் போச்சு. நாங்க தேனி. பேச்சுத் துணைக்கு ஆச்சு. இவ திருச்சியில ஏறுனதுல இருந்து சரியா வாயைத் திறக்கல. டீச்சரா நீங்க? இல்லையா? பாத்தா அப்படித்தான் இருக்கு. அந்தக் கண்ணாடியும், பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதும். எனக்கு டீச்சர்னுதான் வாயில வருது, கோவிச்சுக்காதீங்க.

அழுகையெல்லாம் இல்லம்மா. ஜன்னல் காத்து.

சரி, உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும். கொஞ்சம் அழுதா. நீங்க மணப்பாறையில ஏறுனீங்கள்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லித்தான் ஆஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். அவருக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. வெள்ளிக்கிழமை உனக்கு நிச்சயம்டின்னு சொல்லியிருந்தா வந்திருப்பாளா? சொல்லுங்க. பெத்தவளுக்குத் தெரியாதா எதை எங்க சொல்லணும்னு? பஸ்ஸு வேகம் எடுத்தப்புறம் சொன்னேன்.

மாப்பிள்ளை வெளியாளு இல்ல. என் தம்பி தவசிதான். கூடப் பொறந்த தம்பி. எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருசம் கழிச்சுத்தான் இவ பொறந்தா, அதனால இவளைவிட வயசு கொஞ்சம் கூட, பதினஞ்சு பதினாறு இருக்கும், அதுக்கென்ன? தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா? இவ பொறந்து தொட்டில்ல கிடக்கும்போதே எங்கம்மா குனிஞ்சு பாத்து, "தவசிக்கு ஒருத்தி வந்துட்டா"ன்னு சொல்லிட்டாங்க. சொன்னது சொன்னதுதான். எங்க வீட்டுல பேச்சு மாறுற பழக்கம் கிடையாது.

இவளா? திருச்சியில ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்புல வேலை பாக்கறா. முதல் வேலை. பாத்தாங்கறதுதான் சரி, இனிமே எங்க. சாயங்காலத்துல அதுக்கே ஒரு படிப்பும் படிச்சுக்கிட்டு இருந்தா. அடுத்த வாரம் பரீட்சையாம். பரீட்சை முடிச்சிட்டாவது வர்றேம்மான்னு கெஞ்சுறா. இன்னைக்குப் பரீட்சைம்பா, நாளைக்கு பெரிய ஆஸ்பத்திரி வேலைம்பா. எனக்குத் தெரியாதா? முதல் வேலைன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஏதோ தலையில கிரீடம் வச்ச மாதிரி.

எனக்கு நெசமாவே வச்சாங்க. கிரீடம். சிரிக்காதீங்க. தகரக் கிரீடம், நெத்தியில நாகம் படம் எடுத்து நிக்கும்.

திண்டுக்கல் வரப் போகுதுல்ல, அதான் ஞாபகம் வருது. இவளுக்கு இந்தக் கதை மனப்பாடம். சோறு ஊட்டும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவா. இல்லடி? 

நான் பத்தாவது பரீட்சை எழுதிட்டு வீட்டுல இருக்கேன். வீரபாண்டித் திருவிழா. ராட்டினம், மரணக்கிணறு, அதுக்குப் பக்கத்துல நாககன்னி கொட்டகை. பாத்திருக்கீங்களா? பொம்பளைத் தலை, பாம்பு உடம்பு. மைக்குல கத்துவாங்களே, வாங்க வாங்க, பெற்றோர் சொல் தட்டிய கன்னிப்பெண்ணின் கதியைப் பாருங்கன்னு. அந்த வருசம் நாககன்னியா உக்காந்திருந்த பிள்ளைக்கு அம்மை போட்டுருச்சு. கொட்டகைக்காரர் சிங்கராசு அண்ணன் எங்கம்மா இட்லிக் கடையிலதான் சாப்பிடுவாரு. நான் தண்ணி வைக்கப் போனேன். என்னை ஏற இறங்கப் பாத்தாரு. தப்பா நினைக்காதீங்க, முகத்தைக்கூடப் பாக்கல, கழுத்தைத்தான் பாத்தாரு. "கழுத்து ஒல்லியா நீளமா இருக்கு, பலகைக்குச் சரியா இருக்கும்"னாரு. எங்கம்மா, "கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. அம்புட்டுதான். அன்னைக்குச் சாயங்காலமே வேலையில சேந்தாச்சு.

என்னைக் கேட்டாங்களாவா? என்னை எதுக்கும்மா கேக்கணும்?

அது எப்படின்னா, பாக்கறதுக்கு ஒரு மேசை இருக்கும். மேசைக்குக் கீழ காலியாத் தெரியும். ஆனா கண்ணாடியைச் சாய்ச்சு வச்சிருப்பாங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடிதான் நான் குத்தவச்சு உக்காந்திருப்பேன். மேசைப் பலகை ரெண்டு பாதி. ரெண்டுலயும் அரை வட்டமா வெட்டியிருக்கும். நான் உக்காந்ததும் ரெண்டையும் கழுத்தோட சேத்து வெளியில இருந்து கொண்டி போட்டுருவாங்க. மேல தலை மட்டும். சுத்தி துணியில பஞ்சு வச்சுத் தைச்ச பாம்பு உடம்பு, பச்சைப் பெயிண்டு, ஜிகினா. கை ரெண்டும் பலகைக்குக் கீழ. மூக்குல ஈ உக்காந்தாலும் அது உக்காந்திருக்க வேண்டியதுதான். ஊதித் தள்ளலாம்னா நாககன்னி ஊதக் கூடாது.

முதல் நாள் கொண்டி விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டிருச்சு. அய்யோ எடுங்கன்னு கத்திட்டேன். எங்கம்மா கொட்டகைக்குள்ள வந்து, "வெள்ளத்தாயி, பேரைக் கெடுக்காத"ன்னு ஒரே அதட்டு. அதுக்கப்புறம் நான் கத்தினதே இல்ல. எந்த வேலையா இருந்தாலும் பழகுற வரைக்கும்தான். இவளும் பழகிருவா.

வசனம் ஒண்ணு உண்டு. சொல்லட்டா? "என் பேர் நாககன்னி. பெத்தவங்க பேச்சைக் கேக்கல. அதனால இப்படி ஆயிட்டேன். நீங்களாவது பெத்தவங்க பேச்சைக் கேட்டு நடங்க." இழுத்து இழுத்து, அழுகிற மாதிரி சொல்லணும். கூட்டம் அப்படியே உச்சுக் கொட்டும். தறுதலைப் பயலுகளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "பாருடா, பாரு"ன்னு காட்டுவாங்க. ஒரு அம்மா மருமகளைக் கூட்டிட்டு வந்து என்னையும் மருமகளையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரு பெரியவர் காணாமப் போன ஆடு எந்தத் திசையில போச்சுன்னு கேட்டாரு. கிழக்கன்னு சொன்னேன். மறுநாள் வந்து தேங்காய் உடைச்சிட்டுப் போனாரு. கிடைச்சிருச்சாம்!

எங்கம்மா தவசியைத் தூக்கிட்டு ஒரு நாள் வந்தாங்க. சின்னப் பய அப்ப. "அக்காவுக்குக் கால் எங்க, கால் எங்க"ன்னு ஒரே அழுகை. எங்கம்மா சொல்றாங்க, "அக்கா என் பேச்சைக் கேக்கலடா, அதான் பாம்பாயிட்டா. நீ கேப்பேல்ல?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. அவங்க பேச்சைக் கேட்டதாலதானே நான் அதுக்குள்ள உக்காந்திருக்கேன்! ஆனா சிரிக்கக் கூடாதுல்ல. கீழ கண்ணாடிக்குப் பின்னாடி என் காலை நானே கிள்ளிக்கிட்டேன்.

திருவிழா முடிஞ்சுது. வீட்டுக்குப் போகலாம்னு பாவாடையெல்லாம் மடிச்சு வச்சிட்டேன். எங்கம்மா வந்து, "இந்த சீசன் முடியுற வரைக்கும் இருந்துட்டு வா"ன்னாங்க. இருந்தேன். பெரியகுளம், பழனி, ஒட்டன்சத்திரம்னு லாரியில பாம்பு உடம்பு மேலயே படுத்துத் தூங்கிப் போனேன். சிங்கராசு அண்ணன் சம்சாரம் லில்லி அக்கா தங்கமானவங்க. திரைக் கயிறு அவங்க கையிலதான் இருக்கும். எனக்கு ஒண்ணுக்கு வந்தாலோ, கால் மரத்துப்போய் உயிர் போனாலோ, அவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு சைகை வச்சிருந்தோம். வாயால சொல்ல முடியாதுல்ல? நாககன்னி எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னா கூட்டம் செருப்பைக் கழட்டிரும். அதனால கண்ணுதான். லில்லி அக்காவைப் பாத்து ரெண்டு தரம் கண்ணை இறுக்கி மூடித் தொறக்கணும். அப்புறம் ஒரேயடியா மூடிக்கணும், தொறக்கவே கூடாது. உடனே திரை விழுந்துரும், கொண்டியை எடுத்து என்னை வெளிய விட்டுருவாங்க. இவகூடச் சின்னதுல சோறு போதும்னா இப்படித்தான் எனக்குக் கண்ணை மூடிக் காட்டுவா. நானும் விட்டுருவேன். விளையாட்டு.

ஏன்டி என்னையே முறைக்கிற? வெளிய பாரு.

இந்த லேப்புக்காரங்க இருக்காங்களே, இனிமே இவ வரமாட்டான்னு காலையில நான் சொன்னதும் எனக்குத் திருப்பி போன் பண்ணி, பிள்ளை நல்லா வேலை பாக்குதும்மா, நிறுத்திராதீங்கன்னு சொல்றாங்க. நான் வச்சிட்டேன். யாரு எவரோ, என் பிள்ளையைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டாங்க. போனும் இப்ப என்கிட்டதான் இருக்கு. இல்லன்னா ஆளாளுக்குப் பேசிக் குழப்பி விட்டுருவாங்க. அந்தக் காலத்துல எனக்கும் அப்படித்தான் ஒருத்தங்க வந்தாங்க. இதே திண்டுக்கல்லதான்.

ரெஜினா டீச்சர். எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவங்க. அவங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். ஞாயித்துக்கிழமை அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் பொருட்காட்சிக்கு வந்திருக்காங்க. நான் பாட்டுக்கு வசனம் சொல்லிக்கிட்டு இருக்கேன். பாத்தா முன்வரிசையில டீச்சர். நீங்க இருக்கீங்களே, இதே மாதிரி கண்ணாடி.

"வெள்ளத்தாயி?"ன்னாங்க.

அந்தப் பேரைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்துச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. உடம்புதான் வெளிய தெரியாதே, நல்லவேளை. சிங்கராசு அண்ணன் கையில பிரம்போட பக்கத்துல நிக்கறாரு. "நாககன்னின்னு கூப்பிட்டுத்தான் கேக்கணும்"னாரு.

டீச்சர் அவரைத் திரும்பியே பாக்கல. "உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன், நீ பெரியம்மா ஊருக்குப் போயிருக்கறதாச் சொன்னாங்க. நீ நல்ல மார்க் எடுத்துப் பாஸாயிருக்க, தெரியுமா? பதினொண்ணாவதுல உனக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன், ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டை போட்டு. உனக்கு இங்க இருக்க இஷ்டமா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

பாஸானதே அப்பத்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவே இல்ல வீட்டுல. மறந்திருப்பாங்க.

 நான் என்ன சொன்னேன்? வசனத்தைச் சொன்னேன். "என் பேர் நாககன்னி. பெத்தவங்க பேச்சைக் கேக்கல. அதனால இப்படி ஆயிட்டேன்." ஒரு எழுத்து பிசகல. எங்கம்மா கூட்டிட்டுப் போங்கன்னு ஒப்படைச்ச இடம், நான் வேற என்ன சொல்ல முடியும்? டீச்சருக்குக் கண் கலங்கிருச்சு. ஜனங்க அதுவும் ஆட்டத்துல சேர்த்தின்னு நினைச்சுக் கை தட்டுனாங்க. அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் சொன்னதில்லன்னு சிங்கராசு அண்ணனே சொன்னாரு.

அப்புறம் எனக்கு வெளிய வரணும்னு ஆகிப்போச்சு. லில்லி அக்கா பக்கம் பாத்து ரெண்டு தரம் கண்ணை மூடித் தொறந்தேன். அப்புறம் இறுக்கி மூடிக்கிட்டேன். திரை விழும் விழும்னு காத்திருக்கேன், விழல. லில்லி அக்கா டீ குடிக்கப் போயிருந்திருக்காங்க, கயிறு சும்மா தொங்குது, நான் கவனிக்கல. எம்புட்டு நேரம் மூடியிருந்தேனோ தெரியாது. தொறந்து பாத்தா டீச்சர் இல்ல.

அவங்களைப் பாக்கப் பிடிக்காமத்தான் கண்ணை மூடிக்கிட்டேன்னு நினைச்சிருப்பாங்க. அவங்களுக்கு அந்தச் சைகை எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா...

தெரிஞ்சிருந்தா என்ன ஆகப் போகுது, விடுங்க. அப்ப கண்ணுல தண்ணி வந்துச்சுதான். மூஞ்சியில அப்புற பவுடர் அப்படி எரியும். கையால துடைக்கவும் முடியாது. அது பாட்டுக்கு வழிஞ்சு பலகையில சொட்டுது.

அப்புறம் என்ன, அந்த சீசன் முடியறதுக்குள்ள எனக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. எங்கம்மா நேரா கொட்டகைக்கே வந்து, அவங்க கையாலயே கொண்டியைத் தூக்கி என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. கல்யாண மேடையில தலையை இங்கிட்டு அங்கிட்டு ஆட்டாம உக்காந்திருந்தேன். பொண்ணு என்ன அடக்கம்னு ஊரே மெச்சுச்சு. அந்தப் பழக்கம்தான்! இப்பக்கூட என்னால சட்டுன்னு கழுத்தைத் திருப்ப முடியாது. உங்ககிட்டப் பேசறதுக்கே பாருங்க, உடம்போடதான் திரும்பறேன். தூங்கும்போது கழுத்து வரைக்கும் போர்வை இருந்தா மூச்சு முட்டும், உதறிட்டு எந்திரிச்சு உக்காந்துருவேன். இவ அப்பா திட்டுவாரு. மத்தபடி ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நல்லாத்தானே இருக்கேன்?

என்ன கேட்டீங்க? இவகிட்டயா? கேளுங்களேன், தாராளமாக் கேளுங்க. இவ என்ன ஊமையா? ஏய் மோனிஷா, இந்த அம்மா கேக்கறாங்க பாரு, உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமான்னு. சொல்லு.

பாத்தீங்களா? "அம்மா சொல்றபடி கேக்கறேன்." எம்புட்டு அழகாச் சொல்றா! இதைத்தான் நான் மணப்பாறை வர்றதுக்குள்ளயே சொல்லிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை நாலு பேரு முன்னாடி கேப்பாங்கள்ல, அன்னைக்குத் திருதிருன்னு முழிக்கக் கூடாது.

என்னடி அவங்களையே பாத்துக்கிட்டு இருக்க? பாருங்க, கண்ணைக் கண்ணை இறுக்கி மூடித் தொறக்கறா. ரெண்டு நாளா லேப்புல ராத்திரி டூட்டி, தூங்கவே இல்ல. அதான் எரியுது. இந்தா, மூடிட்டா. ஒரேயடியா மூடிட்டா.

தூக்கம்தாம்மா. நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? தூக்கம்தான். என் பிள்ளை கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?

வந்துருச்சு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. டீ குடிக்க, மத்ததுக்குன்னு இங்க கொஞ்ச நேரம் போடுவான். எனக்கும் போகணும். திருச்சியில இருந்து அடக்கிக்கிட்டு வர்றேன், இவளைத் தனியா விட்டுட்டுப் போகப் பயந்துக்கிட்டு. இப்ப நீங்க இருக்கீங்க. கட்டணக் கழிப்பிடம் அந்தக் கடைசியில இருக்கு, கூட்டம் வேற நிக்குது. வர நேரமாகும்.

அந்தா பக்கத்துல நிக்குதே ஒரு வண்டி, ஆள் ஏத்திக்கிட்டு, அது திருச்சி வண்டி. தெரியாத்தனமா யாராவது மாறி ஏறுனா வந்த பாதையிலயே கொண்டுபோய் விட்டுரும்.

இந்தாங்க, அவ பை. போனும் அதுக்குள்ளயே போட்டுட்டேன், இடுப்புல குத்துது. கொஞ்சம் வழி விடுங்க, நான் இறங்கிக்கறேன். ஆங், போதும். நீங்க உக்காருங்க. காலை இப்படி நீட்டி வச்சுக்கங்க. அங்கிட்டு ஜன்னல்ல கம்பி, இங்கிட்டு நீங்க. நீங்க எந்திரிச்சாத்தான் அவ எந்திரிக்க முடியும்.

பாத்துக்கங்க டீச்சர்.